குற்றாலச் சாரலும் இலத்தூர்ச் சாப்பாடும்

கொழும்பில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்குக் கடற்கரையைப் போன்ற உபகாரி இந்த உலகத்தில் வேறு கிடையாது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுக் காலிமுகத் திடலுக்குப் போனால் காற்று சும்மா, அலை சும்மா, துரைமார் குதிரையில் போகிற வேடிக்கை சும்மா, பட்டாளத்து பாண்டு வாத்தியம்கூடச் சும்மாதான். பக்கத்தில் உலாவுகிற லட்சாதிபதிக்கென்று தனியாக ஒரு காற்று வீசி நான் பார்த்ததில்லை. ஓசியில் ஊர் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பெருமை குற்றாலத்தில் என்ன பாடு பட்டது என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

லீவு வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து பெட்டியைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை, அக்கா ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டாள். அவள் மகள் கோமதிக்கு இலத்தூரில் ஒரு வரன் வந்திருந்தது. சிவசைலம் என்பவருடைய இளைய பையன். நிலபுலன் உண்டு, பெரிய வீடு, நகை நட்டு இன்னது வேண்டும் என்று வாயே திறக்கவில்லை. அத்தானுக்கு அதிலேயே முக்கால் சம்மதம். ஒன்றுமே கேட்காதவர்களைப் பற்றித்தான் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தென்காசிக் கோயில் வாசலில் தரகர் காத்திருப்பார். அவரோடு போய் வீட்டையும் மனுஷர்களையும் பார்த்து வர வேண்டியது என் பொறுப்பு.

"போ, பாரு, பேசு. ஆனா அங்கன கை மட்டும் நனைச்சிராத" என்றாள் அக்கா. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவு தெரிகிறவரை சோற்றில் கை வைக்கக் கூடாது. சாப்பிட்டு எழுந்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்; நம் வீட்டுப் பெண்ணுக்கும் பெயர் கெட்டுப்போகும்.

கோமதி தெருமுனை வரை கூடவே வந்தாள். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்க்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "மாமா, அந்த வீட்டுப் பொம்பளையெல்லாம் அருவிக்குப் போவாவளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. அது தெரிஞ்சாப் போதும்."

ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக ஊர் முழுக்க அலைகிற இடத்தில் வளர்ந்த பெண். அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் எங்கே விடப் போகிறோமோ என்று எனக்கும் உள்ளூரக் கவலைதான். சரி, கேட்டுவிட்டு வருகிறேன் என்று தலையாட்டினேன். வேலை வெள்ளிக்கிழமைதான், ஆனால் நான் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டேன். சீசன் நேரத்தில் குற்றாலத்துப் பக்கம் ஒரு காரியம் வாய்த்தால் அதை ஒரே நாளில் முடிக்கிறவன் மடையன்.

ரயிலில் எதிர்ப் பலகையில் பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்று. மூட்டுவலிக்கு அருவி நல்லது என்று யாரோ சொன்னதால் பெரியவரை மட்டும் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். வலி ஒருவருக்கு, கிளம்பியது பத்துப் பேர். அம்பாசமுத்திரம் வருவதற்கு முன்னாலேயே தூக்குச்சட்டி திறந்தது. புளியோதரை வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பார்வைக்குப் பலன் உண்டென்பது என் அனுபவம். அந்த அம்மாள் என் கையில் ஒரு வாழையிலைத் துண்டை வைத்தாள். பயணம் சுபமாகத் தொடங்கியது.

தென்காசியில் இறங்கியதும் கோயிலுக்குப் போனேன். கோபுரம் எந்தக் காலத்திலோ தீப்பிடித்துப் பிளந்து, மொட்டையாக நிற்கிறது. ஆனால் வாசலில் வீசுகிற காற்று மொட்டையாகவில்லை. நுழையும்போது முதுகில் கை வைத்து உள்ளே தள்ளுகிறது; கொஞ்சம் நடந்தால் எதிரே வந்து வெளியே தள்ளுகிறது. ஊர்க்காரர்கள் அந்த வாசலில் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு ஊர் வம்பு பேசுகிறார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பூ விற்கிற பெண் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாமி பார்க்க வந்தீர்களா காற்று வாங்க வந்தீர்களா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். காற்று வாங்குகிறவர்கள் பூ வாங்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கூடையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

குற்றாலத்துக்கு நடந்தே போவது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் வயல், எதிரே மலை, மலையின் தலையில் மேகம், முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல் சாரல். இதற்கு எதற்கு வண்டி? பாதி வழியில் ஒரு மோட்டார் பஸ் நின்றுபோய்ப் புகைந்துகொண்டிருந்தது. டிக்கெட் வாங்கின ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் என்னையும் கூப்பிட்டார். நானும் தோள் கொடுத்தேன். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. தள்ளின கூலிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே உழைப்பு. பயணம் மட்டும் எனக்கு இனாம்.

சத்திரத்தில் முதல் கேள்வி, நீங்கள் என்ன ஆட்கள் என்பது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் பாய். கொழும்பில் ஒரே அறையில் ஏழு ஊர்க்காரர்களோடு படுத்துப் பழகின எனக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பதில் சொல்லிப் பாய் வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை. அருவியில் போய் நின்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை. மேலிருந்து விழுகிற தண்ணீருக்குக் கேட்கத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பேரருவிக்குப் போனேன். தூத்துக்குடிக்காரன் தண்ணீரைப் பார்த்தால் முதலில் குளிக்கத் தோன்றாது. இதைப் பிடித்து வைக்க ஒரு குடம் இல்லையே என்றுதான் தோன்றும். இவ்வளவு தண்ணீர் விழுந்து, பாறையில் பொங்கி, யாருக்கும் பயப்படாமல் ஓடுகிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளிவிட்டதில் உள்ளே போய்விட்டேன். முதல் அடி, தலையில் நெல் மூட்டையை இறக்கினது போல விழுந்தது. அப்புறம் தோளில், முதுகில், இடுப்பில் என்று வரிசையாக மொத்தியது. வெளியே வந்தபோது உடம்பில் ஒரு எலும்புகூட என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் மறுபடி போனேன்.

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். இந்த மனிதர்கள் எதற்காக இப்படி அடி வாங்குகிறார்கள் என்று துரைசானி இங்கிலீஷில் கேட்டாள். துரை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எனக்கும் ஒரு தரம் வாங்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, கிளப்பில் தெரிந்தால் சிரிப்பார்களே என்றார். பாவமாக இருந்தது. ஓசியில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

அன்று பகல் முழுக்கப் பழக்கடைகளில் கழிந்தது. மங்குஸ்தான் புளிக்குமா இனிக்குமா என்று ஒரு கடையில் சந்தேகம் கேட்டால் ஒரு சுளை தருகிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் அடுத்த கடை. நாலாவது கடையில் ஒரு குரங்கு எனக்கு முன்பே சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டு பேரையும் சேர்த்து விரட்டினார். சாயங்காலம் ஏதோ ஒரு ஜமீன் பங்களாவில் நாகஸ்வரக் கச்சேரி. மதிலுக்கு வெளியே ஓடைக் கல்லில் உட்கார்ந்து கேட்டேன். என்னைப் போல் இன்னும் ஐம்பது பேர். உள்ளே இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது.

புதன்கிழமை ஐந்தருவியில்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். ஆஜானுபாகு, வாய் நிறையச் சிரிப்பு, உடம்பு முழுக்க எண்ணெய். என் முதுகில் எண்ணெய் எட்டாமல் நான் பட்ட அவஸ்தையைப் பார்த்துவிட்டு, தானாகவே வந்து தேய்த்துவிட்டார். அருவிக்கரையில் இது சகஜம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்கிறார்கள். என்னென்னமோ பேசினோம். கொழும்பில் வேலை, சொந்த ஊர் தூத்துக்குடி, அக்கா மகள் விஷயமாக வந்திருக்கிறேன் என்று என் ஜாதகத்தையே ஒப்பித்தேன். அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் நாக்கு அப்படிப்பட்டது, பேசும், விசாரிக்காது.

"நாளைக்கு நம்ம வீட்டுக்கு ஒரு வாய் சாப்பிட வாங்க தம்பி. சத்திரத்துச் சோறும் ஒரு சோறா?" என்றார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வருகிறேன் அண்ணாச்சி என்று ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது அவருடைய வில்வண்டி சத்திரத்து வாசலில் நின்றது. உள்ளே மெத்தென்று வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். அருவிக் குளிப்புக்குப் பிறகு வருகிற தூக்கத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி கிளம்பியதுதான் தெரியும். நடுவில் ஓர் இடத்தில் திருவிதாங்கூர் எல்லையில் சுங்கச் சவுக்கைக்காரன் தலையை உள்ளே விட்டுப் புகையிலை இருக்கிறதா என்று கேட்டான். என் பையில் எண்ணெய்ப் புட்டியைத் தவிர ஒன்றுமில்லை என்றதும் முகம் சுருங்கிப்போனான். வேறு ராஜ்யத்துக்குள் போகிறோம், இலத்தூரும் அந்த ராஜ்யம்தானே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயிறு யோசிக்கிற நேரத்தில் மூளை குறுக்கே பேசுவதில்லை. மறுபடியும் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தால் பெரிய வீடு. தேக்குத் தூண், பித்தளை ஊஞ்சல், முற்றத்தில் நெல். கால் கழுவினதும் இலை போட்டார்கள். அண்ணாச்சி தான் பிறகு சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். உள்ளறையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் மட்டும் அதை வை, இதை வை என்று அதட்டிக்கொண்டே இருந்தது. பரிமாறினது மூத்த மருமகள் ஆவுடை. முப்பது வயசுகூட இருக்காது. ஆனால் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவியல், பருப்பு, இடிசாம்பார், இஞ்சிப் பச்சடி, பலாக்கொட்டைப் பொரியல். பார்க்கும்போதே பசி இரண்டு மடங்காயிற்று. முதல் கவளத்தை வாயில் வைத்தேன். உப்பு இல்லை. சாம்பாரில் இல்லை, அவியலில் இல்லை, பச்சடியில் இல்லை. இலையின் ஓரத்தில் முதலில் வைக்கிற உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை. விருந்தாளி வாய் திறந்தால் உள்ளே இருக்கிற குரல் அந்தப் பெண்ணைத்தானே குதறும் என்று நினைத்து, அமிர்தம் அண்ணாச்சி, அமிர்தம் என்று சொல்லிச் சொல்லி விழுங்கினேன். வெல்லப் பாயசம் வந்தபோதுதான் உயிர் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அண்ணாச்சி வெற்றிலைத் தட்டை என் முன்னால் நகர்த்தினார். "அப்புறம் என்ன சம்பந்தி, கை நனைச்சாச்சு. வெத்தலையப் போடுங்க. ஆவணியிலயே முகூர்த்தம் வச்சிருவோம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்தான் சிவசைலம். இதுதான் இலத்தூர். அருவிக்கரையில் நான் ஒப்பித்ததிலிருந்தே நான் இன்னார் என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கிறது. வெள்ளிக்கிழமை தரகரோடு வந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து குற்றம் குறை பார்ப்பீர்கள், அதனால்தான் முந்திக்கொண்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அட பாவி மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன். ஓசிச் சோற்றுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் தலையெழுத்தையே விழுங்கித் தொலைத்துவிட்டேனே.

அந்தச் சமயம் இளைய பையன் வயலிலிருந்து வந்தான். நல்ல லட்சணம், அடக்கமான பேச்சு, கையெடுத்துக் கும்பிட்டான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தகப்பனும் மகனும் சாப்பிடப் போனார்கள். போன வேகத்தில் உள்ளே ஒரு பாத்திரம் பறந்து விழுந்து உருண்டது. உப்பு போடாத மூதேவி என்று மாமியார்க் கிழவி ஆரம்பித்தாள். பெற்றவனைச் சொன்னாள், வளர்த்தவளைச் சொன்னாள், பிறந்த ஊரைச் சொன்னாள். கூடத்து ஊஞ்சலில் இருந்து எனக்கு உள்ளே தெரிந்தது. மாப்பிள்ளைப் பையன் உப்பு மரவையை இழுத்துத் தன் சோற்றில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உட்கார முடியவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் கொல்லைக் கிணற்றடிக்குப் போனேன். சற்று நேரத்தில் ஆவுடை எச்சில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கே வந்தாள். என்னைப் பார்க்காமல், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணாச்சி, வெத்தலைய எடுத்துராதீங்க. சோத்துல உப்பு இல்ல. உப்பில்லாமச் சாப்பிட்டா விரதமே கலையாதும்பாவ. நீங்க இந்த வீட்டுல கை நனைச்ச கணக்கு இல்ல."

மறந்துபோய்ப் போடாமல் விட்டாள் என்று நினைத்தேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பெண்ணின் மாமா வருகிறார், வாய்க்கு ருசியாகச் சமைத்து மடக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு, வேண்டுமென்றே செய்திருக்கிறாள். விழப்போகிற அடியும் ஏச்சும் தெரிந்தே செய்திருக்கிறாள். கோமதி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நீங்கள் அருவிக்குப் போவதுண்டா தாயி?

"கல்யாணம் முடிஞ்சு வரயில வண்டித் தட்டிய விலக்கி தூரத்துல பாத்தேன்" என்றாள். அதற்கப்புறம் இல்லை. அருவிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் பாவூர்சத்திரத்தில் இருக்கிற பிறந்த வீட்டுக்கும் போனதில்லை. மாமியாருக்குக் கால் வலி, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும். புருஷன் புனலூரில் மர வியாபாரம், வருவார், போவார். தகப்பனார் வந்து கூப்பிட்டால் மகளுக்கு இங்கேயே மனசு ஒட்டிவிட்டது என்று சொல்லி, விருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். இன்னொரு மருமகள் வந்தால் இரண்டு பேர் ஆகிறோம் என்று சந்தோஷப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

கூடத்துக்குத் திரும்பினேன். சிவசைலம் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை மறுபடியும் நகர்த்தினார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உப்பு இல்லாத சோறு, அதனால் நான் கட்டுப்பட்டவன் இல்லை என்று வாய் திறந்து சொன்னால், அந்த நிமிஷமே அவள் வேண்டுமென்று செய்தது அம்பலமாகிவிடும். அவள் எனக்குத் திறந்துவிட்ட கதவு வழியாக நான் வெளியே போனால் கதவு அவள் மேலேயே சாத்திக்கொள்ளும். வேறு வழி பார்க்க வேண்டும். வேறு வழி என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் மானம்.

தட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன். "அண்ணாச்சி, நான் சோத்துக்கு அலையுத பய. திங்கக்கிழமையில இருந்து ரயில்ல சாப்பிட்டேன், சத்திரத்துல சாப்பிட்டேன், பழக்கடை பழக்கடையா கைநீட்டித் தின்னேன். நான் கை நனைச்ச இடத்துக்கெல்லாம் பொண்ணு குடுக்கணும்னா எங்க அக்கா நூறு பிள்ள பெத்திருக்கணும். பொண்ணுக்குத் தகப்பன் வந்து சாப்பிட்டாத்தான் சம்மதம், நான் சாப்பிட்டது ஓசிச் சோறு" என்றேன்.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அவர் பேசினதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சோற்றுக்கு வந்த நாய் என்பது அதில் மரியாதையான பகுதி. கிழவி உள்ளறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். கால் வலி எங்கே போனதோ. என் அக்கா வீட்டைச் சொல்லாதீர்கள், என்னைச் சொல்லுங்கள், எனக்குப் பொருந்தும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். வில்வண்டி வரவில்லை, நடந்தேன்.

கொல்லைச் சுவரை ஒட்டிய சந்தில் போகும்போது, கிணற்றடியில் நான் விட்டுவிட்டு வந்த துண்டை ஆவுடை சுவருக்கு மேலாக நீட்டினாள். நாளைக்கு ரயிலில் பாவூர்சத்திரம் வழியாகத்தான் போகிறேன், உங்கள் அய்யாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நான் நல்லா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ" என்றாள். அப்புறம் கொஞ்சம் சிரித்தாள். "எங்க அய்யாவும் இந்த வீட்டப் பாக்க வந்த அன்னைக்கு இங்கனதான் சாப்பிட்டாவளாம். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவளாம். அன்னைக்கு உப்பு சரியா இருந்திருக்கு."

எல்லையில் சவுக்கைக்காரன் மறுபடியும் புகையிலை இருக்கிறதா என்று கேட்டான். பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்தேன். அன்றைக்கும் சாரல் அடித்தது, மலை பச்சைப் பசேலென்று நின்றது, மலை முகட்டில் தண்ணீர் வெள்ளை நூல் போல் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சும்மாதான். மூன்று நாளாக நான் வாரி வாரி அனுபவித்தது அவள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை தரகரைப் பார்த்து வரன் சரிப்படாது என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். அக்கா என்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று தெரியும். கோமதிக்குச் சொல்லப் பதில் இருந்தது. அதனால் திட்டு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆவுடைக்குத்தான் பதில் இல்லை. சொல்லாதீங்க என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் பாவூர்சத்திரத்தில் நின்றது. துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். டிக்கெட் தூத்துக்குடி வரை இருந்தது. வாங்கின டிக்கெட்டைப் பாதியில் விட்டது என் ஆயுளில் அது ஒன்றுதான்.

இலத்தூரில் பெண் கொடுத்தவர் என்று விசாரித்ததில் அவள் தகப்பனாரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. களத்தில் நின்று, சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். இலத்தூரிலிருந்து வருகிறேன் என்றதும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"எம்மவளப் பாத்தியளா? அவ கையால சாப்பிட்டியளா? எப்படி இருந்துச்சு?" என்று அடுக்கினார்.

சாப்பிட்டேன், உப்பில்லை என்றேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். கிணற்றடியில் கேட்டது, உள்ளே பாத்திரம் பறந்தது, வண்டித் தட்டியை விலக்கி அவள் தூரத்தில் அருவியைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் வலது கையை ஒரு தரம் விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியில் ஏறி, அடுக்கி வைத்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ள ஆரம்பித்தார். கத்தரிக்காய் களம் முழுக்கச் சிதறியது. நானும் ஏறித் தள்ளினேன்.

மாடுகளைப் பூட்டினார். வழி காட்ட வேண்டியதில்லை, ஆனாலும் ஏறுங்கள் என்றார், ஏறிக்கொண்டேன். தென்காசியைத் தாண்டினோம். முகத்தில் சாரல் பட்டதும் மலைப் பக்கம் பார்த்தார்.

"அருவியில இன்னும் தண்ணி விழுதா?" என்று கேட்டார்.

"விழுது அண்ணாச்சி, நல்லா விழுது" என்றேன்.

அவர் மாட்டை விரட்டினார்.